மூலிகைக் கீரைகள்: பறிப்பதிலிருந்து பரிமாறுவது வரை

மூலிகைச் சமையலில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் கால்வைக்கிறார்கள். இரவில் கைப்பேசியில் ஒரு காணொளி, மறுநாள் காலையில் வெறும்வயிற்றில் ஒரு டம்ளர் பச்சிலைச் சாறு. இலை சரியானதுதானா, எந்த மண்ணில் முளைத்தது, எவ்வளவு போதும் என்ற கேள்விகளெல்லாம் வயிறு கலங்கிய பிறகுதான் வருகின்றன.

என்னிடம் கற்க வருபவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: முதல் சில மாதங்களுக்கு எதையும் மருந்தாகக் குடிக்கக் கூடாது. துவையல், தோசை, ரசம், கூட்டு என்று சோற்றோடு சேரும் அளவில் மட்டும் பழக வேண்டும். சோற்றோடு பிசைந்து எவராலும் அரைக் கிண்ணம் பிரண்டைத் துவையல் சாப்பிட்டுவிட முடியாது. அளவை நாக்கே கட்டுப்படுத்திவிடும். சாறாக்கிக் குடிக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது.

1. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

“மூலிகை” என்ற ஒரே பெயரின் கீழ் வந்தாலும் எல்லாச் செடிகளும் வாய்க்குள் போகிறவை அல்ல. இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த படிகள் எதுவும் பயன்படாது.

முதல் குவியல், தயங்காமல் சமைக்கக்கூடியவை: தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, வல்லாரை, மணத்தக்காளி, கற்பூரவள்ளி, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. இந்த வழிகாட்டி பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

இரண்டாவது, குடிநீராக (கஷாயமாக) மட்டும், அளவோடும் நாள் கணக்கோடும் எடுப்பவை: நிலவேம்பு, ஆடாதோடை, கீழாநெல்லி. தினசரி உணவில் இவற்றுக்கு இடமில்லை.

மூன்றாவது, உடம்புக்கு வெளியே மட்டும். நொச்சி ஆவி பிடிக்க. குப்பைமேனி தோலில் பூச. குப்பைமேனியைச் சிலர் கீரையாகச் சமைப்பதுண்டு; வேண்டாம் என்பேன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகும். இலங்கையில் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குறைபாடு தனக்கு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. (குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதில் புரளும். பூனைவணங்கி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.)

இந்த மூன்றிலும் சேராத, வீட்டு வைத்தியத்தில் தொடவே கூடாத செடிகளும் இருக்கின்றன. ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். இவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. பூவும் காயும் பார்த்த பிறகே பறியுங்கள்

புதியவர்கள் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். வெயிலில் ஒரு வடிவம், நிழலில் இன்னொரு வடிவம் என்று இலை மாறும். பூவும் காயும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. ஆகவே புதிய செடி ஒன்றை முதன்முறை பறிக்கும் முன் அது பூத்துக் காய்க்கும்வரை பொறுங்கள்.

தூதுவளை கொடியாக ஏறும். தண்டிலும் இலைக் காம்பிலும், இலையைத் திருப்பினால் நடு நரம்பிலும், வளைந்த சிறு முட்கள் இருக்கும். பூ ஊதா நிறம்; உருண்டைக் காய் பழுத்தால் சிவக்கும். தரையோடு படர்ந்து நீண்ட நேரான முட்களோடு, பழம் மஞ்சளாக இருந்தால் அது கண்டங்கத்திரி.

முடக்கத்தானில் குழப்பத்துக்கே இடமில்லை. காற்றடைத்த பச்சைப் பை போன்ற காய். அழுத்தினால் படக்கென்று வெடிக்கும். முற்றிய காய்க்குள் இருக்கும் கருவிதையில் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி காணப்படும்.

அதிகமாக ஏமாறுவது வல்லாரையில். உண்மையான வல்லாரையின் இலையில், காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். விளிம்பு வெட்டு வெட்டாக இருக்கும். தண்டு தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். நாற்றுப் பண்ணைகள் சிலவற்றில் வல்லாரை என்று சொல்லி, பளபளப்பான வட்ட இலைகள் கொண்ட அழகுச் செடியைக் கொடுத்துவிடுகிறார்கள். காம்பு இலையின் நட்டநடுவில் பொருந்தியிருந்தால் அது வல்லாரை இல்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணியிலும் இதே கதை. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரைமூடியாக வளர்க்கப்படும், பளபளப்பான மும்மடல் இலையும் பெரிய மஞ்சள் பூவும் கொண்ட வெடேலியாவைப் பறித்து வந்து பெருமையோடு காட்டுவார்கள். நிறம் ஒன்றுதான், செடி வேறு. ஐயம் இருந்தால் வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியோடு நின்றுகொள்ளுங்கள்.

பெயரைச் சொல்லி வாங்குவதும் பாதுகாப்பில்லை. சிறியாநங்கை என்று கேட்டால் பல ஊர்களில் நிலவேம்பைத்தான் எடுத்துத் தருவார்கள். வேறு ஊர்களில் வேறு ஏதோ ஒன்று வரும். நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த சரக்கை வாங்குவதானால் செடியின் தாவரவியல் பெயர் அச்சிட்ட பொட்டலத்தையே கேளுங்கள்.

3. எங்கே முளைத்தது என்று பாருங்கள்

வல்லாரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் ஈரம் பிடிக்கும். நகரத்தில் ஈரம் வற்றாத இடம் எது? சாக்கடை ஓரம். அங்கே தளதளவென்று வளர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். வல்லாரை தான் நிற்கும் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் இலைக்குள் ஏறியது இறங்காது. தொழிற்சாலை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், களைக்கொல்லி அடிக்கும் தென்னந்தோப்பு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

தொட்டியில் வளர்ப்பதுதான் நிம்மதி. எதை முதலில் நடுவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கற்பூரவள்ளியும் பிரண்டையும் முதலில். கற்பூரவள்ளியை ஒடித்து ஊன்றினால் போதும். பிரண்டையில் இரண்டு கணு உள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு வைத்து, பிறகு நடுங்கள். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். இரண்டுக்கும் தண்ணீர் குறைவாகவே விட வேண்டும். புதியவர்கள் அன்பு மிகுந்து ஊற்றித்தான் கொல்கிறார்கள்.

அவை பிடித்த பிறகு முடக்கத்தான் விதை. ஒருமுறை காய்த்து உதிர்ந்தால் அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும். தூதுவளைக்குப் பந்தலோ வேலியோ வேண்டும், கை படாத மூலையாகவும் இருக்க வேண்டும். வல்லாரையைக் கடைசியில் வையுங்கள்: அரை நிழல், அகலமான தொட்டி, நாள் தவறாத தண்ணீர் என்று அது கேட்பது அதிகம்.

4. பறித்தல், கழுவுதல்

கொழுந்தையும் இளம் இலைகளையும் மட்டும் பறியுங்கள். முற்றியதில் நாரும் கசப்பும் கூடுதல். வெயில் ஏறும் முன் பறித்தால் இலை வாடாமல் அடுப்படிக்கு வரும்.

நறுக்கிய பின் கழுவுவது பரவலான தவறு. வெட்டுவாய் வழியாகச் சாறும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். முழுதாகக் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள்.

அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, கீரையை அமிழ்த்தி அலசி, சற்று விட்டு, இலையைத் தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே படியும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் செய்வதானால் கூடுதல் கவனம் தேவை. மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்துவிட்டால் கிருமியெல்லாம் போய்விடும் என்று நம்பாதீர்கள். சந்தையில் வாங்கிய வல்லாரை வேகட்டும். சொந்தத் தொட்டியில், நல்ல தண்ணீரில் வளர்ந்தது மட்டும் பச்சையாகத் தட்டுக்கு வரலாம்.

5. முள்ளையும் அரிப்பையும் அடக்குங்கள்

தூதுவளைக்குக் கத்தரிக்கோல் போதும். இலையைக் கவிழ்த்து வைத்து, காம்பை வெட்டி எறிந்து, நடு நரம்பின் முட்களை மழித்துவிடுங்கள். நன்றாக அரைக்கப் போகிறோமே என்று இதை விடாதீர்கள். ஒரே ஒரு முள் தப்பினாலும் தொண்டையில் தெரியும்.

பிரண்டை வேறு வகை. அதன் தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. கையில் பட்டால் அரிப்பு, அரைகுறையாக வதக்கிச் சாப்பிட்டால் நாக்கிலும் தொண்டையிலும் நமைச்சல். “எனக்குப் பிரண்டை ஒத்துக்கொள்ளாது” என்று சொல்பவர்களில் பலருக்கு, உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது சரியாக வதங்காத பிரண்டைதான்.

முதலில் இரு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், விரல் இடுக்கு உட்பட. நுனியிலிருந்து மூன்று நான்கு கணுக்கள் மட்டும் எடுங்கள். நகத்தால் அழுத்தினால் வெள்ளரிப் பிஞ்சுபோல இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது முற்றல், ஊன்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கணுவை இருபுறமும் நறுக்கி எறியுங்கள். கணுவில் நாரும் நமைச்சலும் அதிகம். மிஞ்சும் துண்டின் நான்கு முனைகளிலும் மெல்லிய நார் ஓடும். கத்தி நுனியால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து இழுத்தால் நீள நூலாக உரிந்து வரும். நான்கையும் உரித்த பிறகு சிறு துண்டுகளாக நறுக்கி, மோரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து வடித்தெடுங்கள்.

அடுத்து வதக்கல். எண்ணெயில் கஞ்சத்தனம் இங்கே ஆகாது. 100 கிராம் பிரண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில், பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகித் துண்டுகள் சுருங்கும்வரை வதக்குங்கள். பத்து நிமிடமாவது ஆகும். நிறம் மாறத் தொடங்கியதுமே அடுப்பை அணைப்பதுதான் எல்லோரும் இடறும் இடம். ஓரம் மட்டும் மாறி, உள்ளே பச்சையாகவே இருக்கும். ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் சரி.

6. சமையல்: எதை எதோடு சேர்ப்பது

பிரண்டைத் துவையல். வதக்கிய பிரண்டையை எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஐந்து மிளகாய் வற்றல், சிறு துண்டு பெருங்காயம் ஆகியவற்றைச் சிவக்க வறுங்கள். நெல்லிக்காய் அளவு புளியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் அதே சூட்டில் ஒரு புரட்டு. உப்புச் சேர்த்து, பருப்பை முதலில் கொரகொரப்பாகப் பொடித்து, பிறகு பிரண்டையைப் போட்டு அரையுங்கள். ஒன்றாகப் போட்டு அரைத்தால் பிரண்டை கூழாகும், பருப்பு முழுதாக நிற்கும். புளியைக் குறைக்காதீர்கள், எஞ்சிய நமைச்சலுக்கு அதுதான் மாற்று. பசி மந்தத்துக்கும் வாயுத் தொல்லைக்கும் இதைச் சாப்பிடுவது வழக்கம். திவசச் சமையலிலும் இது இடம்பெறுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முடக்கத்தான் தோசை. மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது இது சுடப்படும். இரண்டு கைப்பிடி இலையை விழுதாக அரைத்து, நான்கு பேருக்கான தோசைமாவில் கலக்க வேண்டும். எப்போது கலப்பது என்பதில்தான் சுவை இருக்கிறது. புளித்த மாவில் சுடுவதற்குச் சற்று முன் கலந்தால் பச்சிலை வாடை தூக்கும். புளிக்க வைக்கும்போதே கலந்தால் வாடை அடங்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவது முறையே நடக்கும். முதல் தடவை இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம். இது சிலருக்குப் பேதியாகும்.

தூதுவளை ரசம். சளி, இருமல் காலத்துக்கானது. பதினைந்து இலைகளை நெய்யில் சுருள வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றோடு தட்டி, புளித்தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றுங்கள். நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மிளகு, சீரக மணம் ஆவியாகிப் போய்விடும்; மிஞ்சுவது கசப்பு மட்டும்.

யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலில் வேலையே இல்லை: பொடியாக அரிந்த வல்லாரை, தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்), சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கடைசியில் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). புளியை முன்கூட்டியே விட்டால் இலை கறுத்துத் தண்ணீர் விடும்.

மணத்தக்காளிக் கீரையை வாய்ப்புண்ணுக்குச் சமைக்கும்போது மிளகாயும் புளியும் தவிர்த்து, பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய்ப்பால் சேருங்கள். காரம் போட்டுவிட்டுப் புண் ஆறவில்லை என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். இதன் பச்சைக் காயை அப்படியே வாயில் போடக் கூடாது. சோலனைன் என்ற நச்சு பழுக்காத காயில் கூடுதல். உப்பு மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, வத்தலாகிச் சிறிதளவு குழம்புக்குள் போவதே அதன் முறை.

கற்பூரவள்ளி பஜ்ஜியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தால் போடுங்கள்.

7. குடிநீர் காய்ச்சுவது

மேலே உள்ளவை கைக்குப் பழகிய பிறகு இங்கே வாருங்கள். குடிநீருக்கு அடிப்படைக் கணக்கு நான்கில் ஒன்று: 240 மில்லி தண்ணீரை 60 மில்லியாக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். தீ சிறியதாக இருக்கட்டும். பெருந்தீயில் தண்ணீர் வற்றும், சரக்கு இறங்காது. நைசான பொடி அடிபிடித்து, வடிகட்டவும் முடியாமல் சேறாகும் என்பதால், ஒன்றிரண்டாக இடித்த சரக்கையே போடுங்கள். பாத்திரம் எவர்சில்வரோ மண்சட்டியோ இருக்கலாம், அலுமினியம் வேண்டாம்.

காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் அடுக்குவது வீண் வேலை. சர்க்கரையோ பதப்பொருளோ சேராத கஷாயம் விரைவில் கெட்டுவிடும்.

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்ற ஒன்பது சரக்கு சேர்ந்தது. வீட்டுச் செடியைப் பறித்துத் தனியே கொதிக்கவைத்து அதே பெயரில் குடிப்பவர்கள் அதிகம். சேர்மானம் செய்த பொட்டலத்தை வாங்கி, சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடியுங்கள்.

ஆடாதோடை வெறும் கசப்பு இலைதானே என்று நினைக்காதீர்கள். புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து, இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை ஒட்டி உருவானதுதான். சளியை இளக்கும் அதே இலை கருப்பையையும் சுருங்கவைக்கும். கர்ப்பிணிகள் ஆடாதோடையையும் நிலவேம்பையும் தொடவே கூடாது.

8. உலர்த்தி வைப்பது

நிழலில், காற்றோட்டத்தில், துணிமேல் பரப்புங்கள். நேர் வெயிலில் துளசி, கற்பூரவள்ளி போன்றவற்றின் வாசனை எண்ணெய் போய்விடும். கையில் நொறுங்கும் பதம் வரும் முன் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். டப்பாமேல் செடியின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் பொடித்த பிறகு எல்லாம் ஒரே பச்சை.

9. யார் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. கீரைகளிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் பிரண்டை, பொன்னாங்கண்ணி இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியமே சுமை. நிலவேம்பும் கீழாநெல்லியும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை என்பதால் நீரிழிவு மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். சித்த மருந்து சாப்பிடும் நாட்களில் அகத்திக்கீரை விலக்கு என்ற பழைய பத்தியத்தையும் மீறாதீர்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். தேனிலிருக்கும் ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நரம்பு நஞ்சை உண்டாக்கக் கூடும். பாட்டி கொடுத்தார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது இதற்குப் பதிலாகாது.

மஞ்சள்காமாலையில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. முதலில் இரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி பேச்சு அதற்குப் பிறகு. காமாலை ஒரு அறிகுறி. பின்னால் ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, ஈ என எதுவும் இருக்கலாம், பித்தப்பைக் கல் வழியை அடைத்திருக்கலாம், கட்டிகூட இருக்கலாம். சென்னையில் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களிடம் கீழாநெல்லியைச் சோதித்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை; பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். அப்படிக் குணமானவர்கள் மோரில் கலக்கிக் குடித்த கீழாநெல்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறார்கள். கல் அடைத்தவர் அதே மோரைக் குடித்துக்கொண்டே நாட்களை இழக்கிறார்.

எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, தடிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது சாப்பிட்ட செடியில் ஒரு கிளையை, பூ காய் இருந்தால் அதோடு, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை மட்டும் சொன்னால் மருத்துவர் எந்தச் செடி என்று தேடிக்கொண்டிருக்க நேரும். பொடியாக வாங்கியிருந்தால் பொட்டலத்தையே கொண்டுபோங்கள்.